மேகராசனுக்கு அழுதவர்கள்

கல்லுப்பொட்டல் பல்கலைக்கழக நூலகத்துக்குள் மேகராசன் நடந்து வந்தது, விடுமுறை முடிந்து வாசிப்புக் கூடம் நிறைந்திருந்த ஒரு முற்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. வாசல்படி ஏறி, செருப்பைக் கழற்றி, மற்றவர்களின் செருப்புகளோடு வரிசை பிசகாமல் விட்டுவிட்டுத்தான் வந்தான். அவன் அடிவைக்கும்போதெல்லாம் உலக்கைப் பூண் தரையில் பட்டதுபோல ணங், ணங் என்று சத்தம் கேட்டதையும், அவன் ஏறிவந்த வெள்ளைக் குதிரை சைக்கிள் நிறுத்துமிடத்தில் வாலை அசைக்காமல் நின்றதையும் தவிர, அவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

மாடி ஏறி, கடைசி அறையின் கதவைத் தள்ளி, காதில் ஹெட்போனோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியின் எதிரே நின்றான்.

"மேகராசன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்னாங்க," என்றான். "எனக்காக அழுதது பூராவும் இங்கதான் இருக்காம்லா. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

செண்பகவல்லிக்கு அந்தப் பெயர் தெரியும். அதை உண்டாக்கியவளே அவள்தான்.

அந்த அறையில் இருந்தவை எல்லாம் ஒப்பாரிகள். நாட்டார் வழக்காற்றுத் துறையில் இருந்த கொம்பையா என்ற பேராசிரியர் தம் ஆயுளெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கேசட்டில் பிடித்து வைத்துவிட்டுப் போனவை. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் பாட்டு ஆளைத் தேடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆகவே கொம்பையா ஒரு வழி வைத்திருந்தார். ஊருக்கு வெளியே மரத்தடியில் ஓர் உலக்கையைக் கிடத்தி, அதன்மேல் வேட்டியைப் போர்த்தி, பெண்களைச் சுற்றிலும் உட்காரச் சொல்வார். அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அந்த உலக்கையைப் புருசன் என்றும், அண்ணன் என்றும், பெற்ற மகன் என்றும் நினைத்து அழுவார்கள். அழுது முடித்ததும் ஒருத்தி எழுந்து வேட்டியை உருவிவிட்டு, உலக்கையை நிமிர்த்தித் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்துவாள். யாரும் சாகவில்லை, பாடினது பாட்டுக்குத்தான் என்று மண்ணுக்குத் தெரிவிக்கிற குத்து அது. பிறகு எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு காப்பி குடிப்பார்கள்.

அந்தக் கேசட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற ஆய்வாளரும் கேட்கிற மாதிரி தரவுத்தளம் ஆக்குகிற வேலையைத்தான் செண்பகவல்லி பார்த்தாள். கவனமான வேலைக்காரி. இரைச்சலை வடிகட்டுவாள், நடுவில் கேட்கிற இருமலை எடுப்பாள், பாட்டு முடிந்தபின் வருகிற அந்தப் பெரிய ‘தொம்’ சத்தம் ஹெட்போனில் காதைக் கிழிக்கிறதே என்று அதையும் ஒவ்வொரு பதிவிலும் மறக்காமல் வெட்டிவிட்டாள். அடுத்தது விவரங்கள். பாடியவர், ஊர், உடன் அழுதவர் என்று வரிசையாக வரும் கட்டங்களில் ‘யாருக்காகப் பாடப்பட்டது’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட மென்பொருள் சம்மதிக்கவில்லை. ‘இல்லை’ என்று போட்டாலும், கோடு போட்டாலும், மனிதப் பெயர் கொடுக்கவும் என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. உயிரோடு இருக்கிறவர் பெயரைப் போட மனம் வருமா? அதனால் அந்த வட்டாரத்தில் யாருக்குமே இல்லாத பெயராக ஒன்றை யோசித்து, ஒவ்வொரு பதிவுக்கும் அதையே கொடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்படித்தான் பிறக்காத மேகராசன், எல்லா ஊர்களிலும், எல்லா வகையிலும், குத்து இல்லாமல் செத்துப்போனான்.

"உட்காருங்க," என்று செண்பகவல்லி நாற்காலியைக் காட்டினாள்.

அவன் உட்கார்ந்தபோதுதான் அவள் அவனைச் சரியாகப் பார்த்தாள். குதிகாலில் பாம்பு தீண்டிய இரண்டு புள்ளிகள் இருந்தன; பனையிலிருந்து விழுந்தவனைப்போல் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; தலைமயிர் கிணற்றிலிருந்து இப்போதுதான் தூக்கியதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது; அருகில் போனால் விஷக்காய்ச்சலின் அனல் அடித்தது. பெற்ற தாய்கள் பாடிய பாட்டுகளால் காலையில் அரும்புமீசைப் பையனாக இருந்தவன், மத்தியானம் புருசனின் வயதுக்கு வந்து, நூலகம் சாத்துகிற நேரத்தில் நரைத்த தகப்பனாகி எழுந்து போனான். ஆனால் எந்த வயதிலும் அவன் இடது மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் கிடந்தன. அவை ஏன் என்று செண்பகவல்லிக்கு உடனே தெரிந்தது. அதனால்தான் அவள் அந்தக் கையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் திரட்டில் தங்கைக்காகப் பாடிய ஒப்பாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

செண்பகவல்லிக்கும் ஒரு தங்கை இருந்தாள், முத்துப்பேச்சி என்று. வேறு சாதிப் பையனோடு திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்து, போன இடத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனாள். சேதி வந்த அன்றைக்கு அப்பா ஆறுமுகநயினார் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "என் வீட்டுக்குள்ள எவளும் அவளுக்காக வாயத் தொறக்கப்படாது," என்றார். யாரும் திறக்கவில்லை. ஒப்பாரிக்குத் தனியாள் ஆகாது, தோளில் கைபோட ஒரு துணை வேண்டும். துணைக்கு ஒருவரும் இல்லாமல், அடுப்பங்கரைச் சுவரில் முதுகைச் சாய்த்து, செண்பகவல்லி அன்றைக்கு விழுங்கியது தொண்டையிலேயே தங்கிவிட்டது. மற்றவர்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டுச் சுத்தம் செய்கிற வேலைக்கு அவள் வந்ததே அதனால்தானோ என்னவோ.

மேகராசன் தினமும் வந்தான். தனக்கு அழுத பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டான். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "அப்ப நான் எதுலதான் செத்தேன்?" என்று கேட்பான். பிறகு அடுத்த பாட்டைப் போடச் சொல்வான்.

ஊர் அவனுக்குப் பழக அதிக நாள் ஆகவில்லை. குதிரை புல்லும் தின்னாது, சாணியும் போடாது என்று தெரிந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அதைப் பற்றிய பேச்சு நின்றது. மழை வந்தால் மாணவர்கள் அதன் வயிற்றுக்கு அடியில் பையை வைத்துவிட்டு ஓடினார்கள். நூலகர் தேவசகாயம் மட்டும், சத்தத்தைப் பொறுக்காத மனிதர் என்பதால், அந்த ணங் ணங்குக்காகப் படிக்கட்டில் சாக்கு விரிக்கச் சொன்னார். சாக்கின்மேலும் ணங் என்றே கேட்டது.

"உறுப்பினர் அட்டை குடுக்கணும்னா பிறந்த தேதி வேணுமேம்மா," என்றார் அவர் செண்பகவல்லியிடம்.

"இறந்த தேதி வேணா நிறைய இருக்கு சார்."

"அதுக்கு நம்மகிட்ட கட்டம் இல்லையே," என்று கவலையோடு சொல்லிவிட்டு, பார்வையாளர் சீட்டிலேயே தினமும் உள்ளே விட்டார்.

சேதி பரவப் பரவ, கொம்பையாவுக்குப் பாடிய பெண்கள் பஸ் பிடித்து வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் மாடத்தி. வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்து, "எங்கண்ணன்லா இது! வெள்ளக் குதிரையில வாரதா நாந்தான பாடுனேன்," என்று அவன் கன்னத்தைத் தடவினாள். அனல் சுட்டும் அவள் கையை எடுக்கவில்லை. அடுத்தவள் அவன் தன் மகன் என்றாள். இன்னொருத்தி சேலைத் தலைப்பால் அவன் ஈரத் தலையைத் துவட்டினாள், துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாள் சண்டை போட்டார்கள். பிறகு முறை வைத்துக்கொண்டு, இன்றைக்கு அம்மாமார், நாளைக்கு அக்கா தங்கைமார் என்று தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார்கள். அவன் சாப்பிடுவதில்லை. அவன் தொட்ட சோற்றைக் காக்கையும் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் ஊர் முதன்முதலாகப் பயந்தது.

அதற்கப்புறம் அவனைப் புருசனாக நினைத்துப் பாடியவர்கள் ஒவ்வொருத்தியாக, யாரும் சொல்லாமலே, பூ வைப்பதை நிறுத்தினார்கள். பொட்டை அழித்தார்கள். உயிரோடு இருக்கிற கணவன்மார்கள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்குத் தட்டு வைப்பது நின்றுபோனது. பெருமாள்தேவர் என்பவர் நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போட மாட்டேங்கா."

"அது குடும்ப விஷயமில்லையா?" என்றார் தேவசகாயம்.

"இல்ல சார். ஏம்ளான்னு கேட்டா, என்னையத் தாண்டிச் செவத்தப் பாத்துக்கிட்டு, ‘நீருதான் செத்துப்போனீருல்லா’ங்கா." அவர் கையை நீட்டிக் காட்டினார். "நேத்திலருந்து எனக்கே சந்தேகமா இருக்கு. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

தேவசகாயம் தொட்டுப் பார்த்தார். சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

"செண்பகம், அந்தப் பேரை அழிச்சிரும்மா."

அவள் அழித்தாள். ‘மனிதப் பெயர் கொடுக்கவும்’ என்று கணினி கேட்டது, மேகராசன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டோடு சேர்த்து அழிக்கலாமா என்று தேவசகாயம் தயங்கிக்கொண்டே கேட்டபோது, தூக்குச்சட்டியோடு நின்ற மாடத்தி, "அழுததை எப்படி சார் அழிப்பீரு? கண்ணீரு என்ன மேசையில சிந்துன டீயா?" என்றாள். பிறகு செண்பகவல்லியிடம் திரும்பினாள். "நாங்க ஒவ்வொரு தடவையும் குத்திட்டுத்தான எந்திரிச்சோம். அந்தக் குத்து எங்கட்டி?"

வெட்டிய துண்டுகளைச் செண்பகவல்லி வைத்திருக்கவில்லை. கேசட்டுகளோ, ஏற்றி முடித்தவை என்று, பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. ஓர் உலக்கையைக் கொண்டுவந்து அந்த அறையிலேயே குத்திப் பார்த்தார்கள். கீழே வாசிப்புக் கூடத்தில் காரை உதிர்ந்ததே தவிர, மேகராசன் அசையவில்லை. அந்தந்தப் பாட்டின் வாலில் விழ வேண்டிய குத்தை இப்போது வெறும் தரையில் குத்தி என்ன பயன்?

வழி காட்டியது நூலக வாசலில் டீக்கடை வைத்திருந்த பரமசிவன். டம்ளர் எடுக்க மாடிக்கு வந்தவர், கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, பேருதான வேணும் அதுக்கு? எந்தம்பி குவைத்துல செத்தான். உடம்பு வரல. உடம்பு வராத சாவுக்கு எப்படி அழன்னு எங்கம்மா அப்படியே உக்காந்துட்டா. அவன் பேரு தங்கக்குமாரு. அதப் போடக் கூடாதா?"

தம்பிக்காக ஓர் அக்கா பாடிய பாட்டு ஒன்று இருந்தது. அதில் பாம்பு வரும். செண்பகவல்லி பெயரை மாற்றி, சேமித்து, ஹெட்போனைப் பரமசிவனிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே கேட்டார். பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்தபோது மேகராசன் குனிந்து தன் குதிகாலைத் தடவிப் பார்த்தான். புள்ளிகள் இரண்டும் மறைந்திருந்தன.

மறுநாளிலிருந்து நூலகத்தின் முன்னால் வரிசை நின்றது. நோய்க்காலத்தில் நெகிழிப் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனவர்களின் பெயர்களோடு வந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களோடு வந்தார்கள். பட்டாசு ஆலையில் அடையாளம் தெரியாமல் போனவர்கள், அவமானம் என்று விடியுமுன் எடுத்துப்போட்டவர்கள், பெயர் வைப்பதற்கு முன்பே போன சிசுக்கள் — சிசுக்களுக்கு அங்கேயே, வரிசையில் நின்றபடியே, பெயர் வைத்தார்கள். யாருக்கு எந்தப் பாட்டுப் பொருந்தும் என்று செண்பகவல்லி கேட்டுக் கேட்டு, வயதும் உறவும் பார்த்து, அளவெடுத்துச் சட்டை கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் போகப் போக மேகராசனின் கழுத்து நிமிர்ந்தது, தலை உலர்ந்தது, அனல் தணிந்தது. புருசன் பாட்டுகள் எல்லாம் போன அன்று பெருமாள்தேவரின் வீட்டில் அவருக்குத் தட்டு வைத்தார்கள். குழம்பில் உப்பில்லை என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டதாம்; தெருவே நிம்மதியாகச் சிரித்தது.

ஆனால் மேகராசன் குறைந்துகொண்டே வந்தான். மீசை போயிற்று. தோள் ஒடுங்கிற்று. காலடியின் ணங் ஓசை மெலிந்து, தூரத்துத் தெருவில் யாரோ குத்துவதுபோல் ஆயிற்று. வெள்ளைக் குதிரையின் விலா வழியாகப் பின்னால் நிற்கிற சைக்கிள்கள் தெரிந்தன. மாடத்திகூட, அண்ணன் பாட்டு வேறொருவனுக்குப் போனபிறகு, அவனைப் படிக்கட்டில் பார்த்தும் யாரோ என்று ஒதுங்கிப் போனாள்.

கடைசியில் ஒரு பாட்டு மிஞ்சியது. அதை யாரும் கேட்டு வரவில்லை. கேட்டு வந்தாலும் செண்பகவல்லி கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

*பூவரசு நெழலுக்குள்ள*
*புள்ளிமயில் ஆடையில*
*கைவளவிச் சத்தமின்னு*
*காத்திருந்தேன் தங்கச்சி.*

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அறையில் வேறு ஒருவரும் இல்லாதபோது, அவள் அந்தப் பதிவைத் திறந்தாள். ‘யாருக்காகப் பாடப்பட்டது’ என்ற கட்டத்தில் மேகராசன் என்று இருந்தது. அதை அழித்தாள். முத்துப்பேச்சி என்று அடித்தாள். சேமி என்ற பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மற்ற சாவுகளெல்லாம் கழன்றுபோய், மேகராசனிடம் மிஞ்சியிருந்தது ஒரு தங்கையின் சாவு மட்டும்தான். ஆகவே சிறிய தோளும், ஒரு பக்கம் சரிந்த பின்னலும், பச்சை வளையல்களுமாக அவன் உட்கார்ந்திருந்தான். முகம் இருக்க வேண்டிய இடம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற முகம்போல் கலங்கித் தெரிந்தது.

"போடுங்க," என்றான். குரல் மட்டும் பழைய குரல். "அது அவுகளுக்குச் சேர வேண்டியதுதான."

"போட்டா நீ இருக்க மாட்டியே."

"நான் எப்ப இருந்தேன்? பொறந்தவங்களுக்குத்தான போறதுக்கு வருத்தம்."

சொல்லிவிட்டு அவன் வளையல்களைக் கழற்றி அவளிடம் கொடுக்கப் பார்த்தான். அவை கழலவில்லை. பழக்கமில்லாத கை, இழுத்து இழுத்துப் பார்த்தது. கண்ணாடி கிலுங்குகிற அந்தச் சத்தம், முத்துப்பேச்சி கிணற்றடியில் பாத்திரம் துலக்குகிறபோது கேட்கிற அதே சத்தம். செண்பகவல்லியின் தொண்டையில் அடுப்பங்கரைச் சுவரோரம் அன்றைக்கு நின்றுபோனது அசைந்தது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். முத்துப்பேச்சியின் பெயரை அழித்து, மேகராசன் என்று மறுபடியும் அடித்து வைத்தாள். இது யாரோ ஒருத்தி யாருக்கோ பாடியது. பேச்சிக்குப் பாட வேண்டிய வாய் இங்கே இருக்கிறதே என்று தோன்றியது. அப்பா சொன்னது அவர் வீட்டுக்குள். நூலகம் அவர் வீடு இல்லை. ஒலிவாங்கியை இழுத்து வைத்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, தரையில் இறங்கிச் சம்மணம் போட்டாள். அவன் புரிந்துகொண்டு எதிரே வந்து உட்கார்ந்து, வளையல் கையை அவள் தோளில் போட்டான். அது உலக்கையைப்போல் விறைப்பாகத்தான் இருந்தது.

*பனியன் தைக்கப் போன புள்ள*
*பஸ்ஸேறி வருமின்னு*
*படலத் தெறந்து வச்சேன் — எம்மா*
*பாவி நான் வாயடச்சேன்.*

முதல் அடி கரகரத்து வந்தது. இரண்டாவது அடிக்குக் குரல் திறந்துகொண்டது. அது படிக்கட்டு வழியாக இறங்கி வாசிப்புக் கூடத்துக்குள் போனபோது, புத்தகம் புரட்டுகிற சத்தம் நின்றது. தேவசகாயம் வேகமாக மேலே வந்தார். கதவருகே நின்றார். பிறகு, சுவரில் மாட்டியிருந்த ‘அமைதி காக்கவும்’ பலகையைத் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிட்டு, தாமும் வாசல்படியில் உட்கார்ந்தார். தங்கைக்குத் தட்டு வைத்துக் காத்திருந்த பண்டிகைகளையும், அவள் வாசலில் வந்து நின்று திரும்பிப்போன ஒரு மழைநாளையும் செண்பகவல்லி அடிமேல் அடியாகக் கட்டிப் பாடினாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இன்னொரு குரல் சேர்ந்தது. தனக்காக அத்தனை பேர் அழுததை அத்தனை நாள் கேட்டிருந்தவனுக்கு எப்படி அழ வேண்டும் என்று தெரிந்திருந்தது. அழ அழ அவன் கை விறைப்பு விட்டு, அவள் தோளில் கனத்தது. சதையும் எலும்புமாக, ஒரு மனிதனின் கையாகக் கனத்தது.

முடிந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு புதிய பதிவின் விவரங்களை நிரப்பினாள். பாடியவர்: செண்பகவல்லி. ஊர்: கல்லுப்பொட்டல். யாருக்காகப் பாடப்பட்டது: முத்துப்பேச்சி. ‘உடன் அழுதவர்’ என்ற கட்டத்தில், கொஞ்சம் யோசித்து, மேகராசன் என்று அடித்தாள். கணினி ஒன்றும் கேட்காமல் சேமித்துக்கொண்டது.

மறுநாள் காலை டீக்கடையில் பரமசிவன் அதைக் கைப்பேசியில் போட்டபோது, பெஞ்சில் ஆறுமுகநயினார் உட்கார்ந்திருந்தார். டீ ஆறும்வரை கேட்டார். காசை வைத்துவிட்டு எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, வாழ்நாளில் ஏறியிராத நூலகப் படிகளில் ஏறி, மகளின் அறை வாசலில் வந்து நின்றார். செண்பகவல்லி எழுந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கையால் காட்டினார்.

"நல்லாக் கேக்கல கடையில," என்றார். "மொதல்லருந்து போடு."

அவள் அவர் காதில் மாட்டிவிட்டாள். முதல் அடி ஓடிற்று. அவர் தாடை இறுகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவன், வயது என்னவென்று இன்னும் முடிவாகாத முகத்தோடு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டு, கிழவரின் தோளில் கையைப் போட்டான். பச்சை வளையல்கள் கிலுங்கின. ஆறுமுகநயினாருக்கு அந்தச் சத்தம் ஹெட்போனைத் தாண்டியும் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தார்.

அந்த நேரத்தில்தான் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து தேவசகாயத்தின் குரல் வந்தது.

"யாரய்யா அங்க? இந்தக் குதிரை சாணி போட்டிருக்கு! இனிமே இதை யாரு அள்ளுவா?"

மேலிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது, இரண்டு ஆண்குரல்களில்.